எட்டாவது மாடி, லிப்ட் ஓடுகிறது

என் மகள் வீடு விற்கவும் வாங்கவும் வாடகைக்குப் பிடிக்கவும் உதவும் முகவர். மூன்று வருடம் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தாள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த சமயம் அது. அவளுக்காகக் காரை, எங்கள் பேச்சில் காடியை, ஓட்டுவது, வீட்டுக்காரர்களிடம் சாவி வாங்கி வருவது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பது என்று மெல்ல அவள் வேலைக்குள் நுழைந்துவிட்டேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

ஆரம்பத்தில் அவளும் மற்ற முகவர்களைப் போல வீட்டுப் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சீண்டவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"வீடு வீடுன்னு கத்துனா யாருப்பா நின்னு கேப்பா? பக்கத்து வீட்டு ஆளு மாதிரி இருக்கணும்லா. அப்பத்தான் வீடு வேணும்கிறப்ப நம்ம ஞாபகம் வரும்."

அப்படித்தான் சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் இருக்கும் நம் ஆட்களுக்காக ஒரு இணையக் குழு தொடங்கினாள். பத்துப் பதிவு போட்டால் அதில் ஒன்றுதான் வீட்டைப் பற்றி இருக்கவேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட விதி. மற்ற ஒன்பதும் எந்தப் புளோக்கில் தண்ணீர் நிற்கப்போகிறது, எங்கே லிப்ட் பழுது, கேஸ் அடுப்பு பார்ப்பவர் யார், யார் வீட்டுப் பூனையைக் காணோம் என்கிற மாதிரி. ஒருமுறை ஞாபகமறதி உள்ள ஒரு பெரியவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். மகள் படத்தைப் போட்டு, பார்த்ததும் பகிருங்கள் என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிறகு குழுவில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். கடல் தாண்டி பட்டர்வர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருப்பவர்கள்கூடச் சேர்ந்தார்கள்.

அவர்கள் சேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. வாடகைக்கு வீடு தேடிய நம் ஆள் எவருக்கும் இது தெரியும். தொலைபேசியில் நன்றாகப் பேசிவிட்டு, பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். சிலர் விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள். என் மகள் ஒவ்வொரு வீட்டுக்காரராகக் கூப்பிட்டு, மறுக்காதவர்களை மட்டும் சேர்த்து ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அந்தப் பட்டியல்தான் அவளுடைய மூலதனம். அதை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

சாவி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப் பால் பாத்திரம் ஒன்றும் ஒரு பாக்கெட் பாலும் அவள் செலவில் போகும். குடிபோகும் காலையில் நாங்களும் போவோம். பால் பொங்கி அடுப்பில் வழியும் அந்த நொடியைப் படம் பிடித்து, "இன்று ஒரு வீட்டில் பால் பொங்கியது" என்று மட்டும் எழுதிப் போடுவாள். பெயர் இருக்காது, வாடகை எவ்வளவு என்று இருக்காது. வாழ்த்து வந்து குவியும். முன்பின் தெரியாதவர்கள் மஞ்சள் வைத்தீர்களா, உப்பு வைத்தீர்களா என்று கேட்பார்கள். படம் பிடிப்பது நான். கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும் நான். அட்மின் அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பசாரில் மீன் வாங்கும்போதுகூட யாராவது அப்படிக் கூப்பிட்டு வணக்கம் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைப்பதற்கில்லை.

அந்தப் பெண் குடிவந்தது ஒரு வியாழக்கிழமை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டு துணிப்பை, ஒரு சோறு சமைக்கும் மின்பானை, துண்டில் சுற்றிய ஒரு சாமி படம், இவ்வளவுதான் சாமான். வீட்டுக்காரர் ஒரு வயதான சீன அம்மா. சாம்பிராணி போட்டால் சன்னலைத் திறந்துவை என்பதைத் தவிர வேறு நிபந்தனை வைக்காதவர். எட்டாவது மாடி. சமையலறைச் சன்னலில் நின்றால் ஆறும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கூரைப் பட்டறையும் தெரியும்.

காடியில் போகும்போது மகள் சொன்னாள்.

"அப்பா, இந்தக்கா மூஞ்சி படத்துல வரக்கூடாது. பிள்ளை மூஞ்சியும் வரக்கூடாது. சரியா?"

"ஏம்மா?"

"வேணாம்னாங்க."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படத்தில் வர விரும்பாதவர்கள் இதற்கு முன்பும் இருந்திருக்கிறார்கள்.

நம் வழக்கப்படி வீட்டுக்குள் முதலில் சாமி படம் போனது, பிறகு உப்பு, மஞ்சள், அரிசி. அந்தப் பெண் துண்டை அவிழ்த்து முருகன் படத்தை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கண்ணாடியில் வேலின் நுனியிலிருந்து மயிலின் தோகை வரை சாய்வாக ஒரு விரிசல். புது வீட்டில் உடைந்த கண்ணாடியோடு சாமி படம் வைக்கமாட்டார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"கண்ணாடி மாத்திக் கொடுத்துரவாம்மா? கடை பக்கத்துலதான் இருக்கு. ஒரு மணி நேரம்கூட ஆகாது."

"இருக்கட்டும் அங்கிள். பரவால்ல."

பால் பொங்க வந்தது. நான் தொலைபேசியைத் தூக்கினேன். அவள் முகம் வராமல் நகர்ந்தேன். குழந்தை அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது, அதுவும் வராமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அப்போது முருகனின் தலை பாதியில் வெட்டுப்பட்டது. சாமி படத்தைப் பாதியாக வெட்டுவதா என்று ஓரடி பின்னால் போனேன். முழுதாக வந்தது. பால், அடுப்பு, விரிசல் விட்ட முருகன், சன்னல் ஓரமாக ஒரு துண்டு ஆறு. நல்ல படம் என்று எனக்கே தோன்றியது. மகளும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். முகம் இல்லை என்பதைத்தான் இருவரும் பார்த்தோம்.

மதியத்துக்குள் வாழ்த்துகள் வந்து சேர்ந்தன. பதில் எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒருவர், சிவன் படத்தை முகப்பில் வைத்திருந்தவர், கேட்டிருந்தார். "வணக்கம் அங்கிள். நல்ல வீடு. நானும் குடும்பத்தோட வீடு தேடறேன். அம்மாவுக்கு முட்டி வலி. அங்க லிப்ட் ஓடுதா? எத்தனாவது மாடி?"

முட்டி வலி உள்ள அம்மாவை நினைத்துக்கொண்டு எழுதினேன். "எட்டாவது மாடி தம்பி. லிப்ட் ஓடுகிறது. அதே வரிசையில் இன்னொரு வீடும் வரும்போல. என் மகளைக் கூப்பிடுங்கள்." ஆற்றோரப் புளோக்தானே என்று அவர் மறுபடி கேட்டார். ஆமாம் என்று கட்டைவிரல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் தொலைபேசி.

"அப்பா, எட்டாவது மாடின்னு நீங்க யாருக்காச்சும் சொன்னீங்களா?"

நான் என் பதிலைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டுக் காடிச் சாவியை எடுத்தாள். வழியில்தான் சொன்னாள். அந்தப் பெண் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். இரண்டுமுறை மருத்துவமனையில் கிடந்தவள். ஐந்து மாதம் ஒரு காப்பகத்தில் இருந்து, பிறகு தனியாக வீடு தேடியிருக்கிறாள். இப்போது கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறாள். கீழே அவன் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

"எங்கிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லல?"

அவள் சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள். "சொல்லக்கூடாதுப்பா" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மகள் மாடிக்குப் போனாள். நான் கீழே நின்றேன். புளோக்கின் அடியில் ஒரு தேநீர்க் கடை. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுத்தமாகச் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, நெற்றியில் திருநீறோடு. நான் மனதில் நினைத்து வந்த ஆள் இவன் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீங்கதான் அட்மின் அங்கிளா? உக்காருங்க அங்கிள். அண்ணே, அங்கிளுக்கு ஒரு தே தாரேக்."

"வேணாம் தம்பி. நீங்க கிளம்புங்க."

"எங்க கிளம்பறது அங்கிள்? என் பிள்ளை மேல இருக்குது. எத்தனை மாசமா தேடறேன் தெரியுமா? உங்க புண்ணியத்துலதான் கண்டுபிடிச்சேன். சாமி படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. நான் வாங்குன படம். அந்தக் கீறல் எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கடைக்காரர் தேநீரை என் முன்னால் வைத்தார். பக்கத்து மேசையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெத்த அப்பன் பிள்ளையப் பாக்கணுங்கிறாரு. அதுல என்னாலா தப்பு?" என்றார் ஒருவர்.

"புருஷன் பொண்டாட்டி விசயம். நீங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசி விடுங்க அங்கிள். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார் இன்னொருவர்.

நான் என்ன சொல்வது? அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அந்தக் கடையில் வைத்துச் சொன்னால், மேலே இருப்பது அவள்தான் என்று நானே இன்னொருமுறை சொன்னதாகும். சொல்லாமல் இருந்தால் அப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைக்கும் கிழவன். அவன் என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.

அவன் கிளம்பிப் போனபிறகு அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனோம். அங்கே பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். புகாரை எழுதிக்கொண்டார். ஆனால் அவன் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான், யாரையும் தொடவில்லை, கத்தவில்லை. பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அதற்குச் சமூகநலத் துறைக்குப் போகவேண்டும், பிறகு நீதிமன்றம், சில நாளாகும் என்றார். அந்தச் சில நாளை எட்டாவது மாடியில் எப்படிக் கழிப்பது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க வேணும்னு செய்யல அங்கிள்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவன் குழுவில் பதிவு போட்டான். சிவன் படம் இல்லை. அவனுடைய சொந்த முகம், சொந்தப் பெயர். குழந்தை பள்ளிச் சீருடையில் நிற்கும் படம். "என் மகளைக் காணவில்லை. சுங்கை பினாங் பக்கம் இருக்கலாம். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தவிக்கும் ஒரு தந்தை."

நான் அதைப் பார்த்தபோது பதிவு போட்டுக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் குழு முழுவதும் பரவியிருந்தது. குற்றம் சொல்ல ஆளில்லை. பார்த்ததும் பகிருங்கள், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மகள். அவர்கள் அதைத்தான் செய்தார்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். கோயில் குழுவுக்கு, பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு, அக்கரையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு. ஒரு அக்கா, இந்தக் குழந்தையை ஆற்றோரப் புளோக் லிப்டில் வெள்ளிக்கிழமை பார்த்தேனே என்று எழுதினார். நல்ல மனுஷி. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பாத்திரம் கழுவியவர்.

பதிவை அழித்தேன். அவன் மறுபடி போட்டான். அவனைக் குழுவிலிருந்து நீக்கினேன். அவன் போட்ட குழந்தையின் படத்தைச் சேமித்து வைத்திருந்த மற்றவர்கள் போட்டார்கள். ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"பூனை காணோம்னா மூணு நாள் மேல வச்சிருக்கீங்க. பிள்ளை காணோம்னா தூக்கிடுறீங்க. என்னா அங்கிள் இது?"

"அந்தம்மா இவங்க கஸ்டமர்லா. கமிஷன் வாங்கிட்டாங்க, எப்படிச் சொல்லுவாங்க?"

இதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள். பால் பொங்கிய படங்களுக்கு மஞ்சள் வைத்தீர்களா என்று கேட்ட அதே ஆட்கள்.

மகள் மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினாள். எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள். குழந்தை பாதுகாப்பாக இருக்கிறது என்று எழுதினால், எங்கே என்று கேட்பார்கள். தாயோடு இருக்கிறது என்றால், தாய் ஏன் மறைக்கிறாள் என்பார்கள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் அடியும் மருத்துவமனையும் சில ஆயிரம் பேர் கையில் போகும். என் மனைவி பின்னால் நின்று, "எதையாச்சும் எழுதும்மா, உன் பேரு கெட்டுப்போகுது" என்றாள். மகள் கடைசியில் ஒரே வரி எழுதினாள். இது காவல்துறையிடம் இருக்கிறது, தயவுசெய்து படத்தைப் பகிராதீர்கள். அதற்கும், எந்த நிலையம், புகார் எண் என்ன என்று கேட்டார்கள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்தேழு வருடம் ஒரு பொருளில் பிழை தெரிந்தால் வரிசையை நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இங்கே எதை அழுத்துவது என்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண் வீட்டைக் காலி செய்தாள். குடிவந்து ஐந்து நாள். சீன அம்மா முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று மலாயில் கேட்டார். என் மகளும் காப்பகத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் வருகிறேன் என்று காடிச் சாவியை எடுத்தேன்.

"நீங்க வேணாம்பா" என்றாள் மகள்.

மாலையில் திரும்பி வந்தாள். கால் முழுக்கத் தூசி. எவ்வளவு தூரம் போனார்கள் என்று காடியின் பெட்ரோல் முள்ளைப் பார்த்து நான் ஊகித்திருக்கலாம். நான் அதைப் பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டாள், குளித்தாள். பிறகு என் தொலைபேசியை வாங்கி, குழுவின் நிர்வாகிகளில் என் பெயரை எடுத்தாள். எங்கே வைத்திருக்கிறீர்கள், குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா, ராத்திரியில் தூங்குகிறதா, எதையும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லமாட்டாள் என்பதற்காக இல்லை. சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால்.

குழுவை அவள் மூடவில்லை. மூடினால் வீடு தேடும் மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாள். பாதிப் பேர் போய்விட்டார்கள், பாதிப் பேர் இருக்கிறார்கள். பால் பொங்கும் படங்களை நிறுத்திவிட்டாள். பால் பாத்திரம் மட்டும் இன்னும் வாங்கிக் கொடுக்கிறாள். பாதுகாப்பு உத்தரவு கிடைத்துவிட்டதாக ஒருநாள் தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஒருமுறை எங்கள் வீட்டு வாசல்வரை வந்தான். நல்லவேளை, மகள் இல்லை. கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் அங்கிள், ஊர் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றான். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவன் நம்பவில்லை, ஆனாலும் போய்விட்டான். நான் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன வாரம் பசாரில் அந்த அக்கா, லிப்டில் குழந்தையைப் பார்த்ததாக எழுதியவர், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், அந்தப் பிள்ளை கிடைச்சிருச்சா?"

கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். எங்கே கிடைத்தது என்று கேட்பார், பத்துப் பேரிடம் சொல்வார், அவர்களில் யாராவது அவனிடம் சொல்வார்கள். இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் தொடர்ந்து தேடுவார்.

"தெரியலைம்மா" என்றேன்.

"பாவம். நான் மறக்கலை அங்கிள். போன மாசம் தைப்பிங் போயிருந்தேன், அங்கயும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். எங்க போனாலும் பிள்ளைங்க மூஞ்சிய உத்து உத்துப் பார்க்கிறேன்."

தொலைபேசியைத் திறந்து காட்டினார். சீருடையில் அந்தக் குழந்தை. அவருடைய பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில்.

"அதை அழிச்சிருங்கம்மா."

"அழிச்சிட்டா அப்புறம் எப்படி அங்கிள் அடையாளம் தெரியும்?"

உண்மையாகவே கேட்டார். என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மீன்காரர் என் பையை நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அக்கா தொலைபேசியை மூடிக் கவனமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கவலைப்படாதீங்க அங்கிள், எங்கயாச்சும் கண்ணுல படும் என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனார்.